கொடுக்கப்படுபவளும் கொடை பெறுபவளும்

ஏழைப் பெண் ஒருத்தி கல்லூரிப் படிப்பை முடிப்பதற்குத் தரப்படும் உதவித்தொகை தானமா, கடனா, உரிமையா? மேலோட்டமாகப் பார்த்தால் இது கணக்குப்பிள்ளையின் கேள்வி. தானம் என்றால் கொடுத்தவருக்குப் புண்ணியம், கடன் என்றால் திரும்ப வர வேண்டும், உரிமை என்றால் கொடுக்காமலிருப்பது குற்றம். எந்தத் தலைப்பில் பற்று எழுதினாலும் அதற்கு முன்பே தீர வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: கொடை பெறும் இடத்தில் பெண் நிற்க முடியுமா? இந்திய அற மரபு நெடுங்காலம் அவளை வேறு இடத்தில் நிறுத்தியிருந்தது. கொடுக்கப்படும் பொருளாக.

தர்ம நூல்கள் சொல்லும் தானங்களில் நிலம், பசு, பொன், எள் ஆகியவற்றோடு கன்னிகையும் இருக்கிறாள். மணச் சடங்கில் தந்தை நீர் வார்த்து மகளை ஒப்படைப்பது தாரைவார்த்தல். அரசு நிலம் தனியாருக்குப் போனால் இன்றைக்கும் பத்திரிகைகள் அந்தச் சொல்லைத்தான் எழுதுகின்றன. சொல்லின் உள்ளே ஒரு பெண் இருப்பது யாருக்கும் நினைவில்லை. பாத்திரமறிந்து பிச்சையிடு, கோத்திரமறிந்து பெண்ணைக் கொடு என்ற பழமொழி பிச்சையையும் பெண்ணையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறது. இரண்டும் கொடுப்பவை, இரண்டிலும் பெறுபவரின் தகுதி பார்க்க வேண்டும். கொடுக்கப்படுவதிடம் கேட்க எதுவும் இல்லை.

பெண்கள் கொடையாளிகளாக இருந்ததுண்டு. சோழ அரசி செம்பியன் மாதேவி கற்கோயில்கள் எடுப்பித்தார். காப்பியத்தின் மணிமேகலை அமுதசுரபியால் ஊருக்குச் சோறு போட்டாள். கல்விக்கான கொடையைப் பெற்ற பெண்ணைத் தேடினால்தான் கல்வெட்டுகள் பேச மறுக்கின்றன. சோழ மன்னன் முதலாம் இராசேந்திரன் காலத்தில், இன்றைய விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரம் ஊரில் நடந்த கல்லூரி நல்ல சான்று. 340 மாணவர், அவர்களுக்கு 14 ஆசிரியர், மாணவருக்கு நாள்தோறும் நெல், அதன்மேல் பொன். எவருக்கு எவ்வளவு என்பது வரை கல்லில் வெட்டி வைத்தார்கள். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுக்கு முன்பே உணவும் படியும் சேர்த்து மாணவரைத் தாங்கிய ஏற்பாடு இது. வெறும் கட்டணச் சலுகை அன்று. வேதமும் இலக்கணமும் மீமாம்சையும் பயின்ற அந்த 340 பேரில் பெண் இல்லை, அந்தணர் அல்லாதாரும் இல்லை. வித்யாதானம் தானங்களில் உயர்ந்தது என்று சொன்ன மரபே அதன் வாசலை இவ்வளவு குறுக்கி வைத்திருந்தது.

தமிழ்நாட்டில் இந்த இடமாற்றம், அதாவது கொடைப்பொருளாக இருந்தவள் கொடை பெறுபவளானது, ஒரு திட்டத்தின் பெயரிலேயே பதிவாகியிருக்கிறது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் (1883–1962) தேவதாசி முறைக்கு எதிராகப் போராடியவர். அதைப் பற்றி 1936இல் ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ என்ற நாவலையும் எழுதினார். பொட்டுக்கட்டுதல் என்பதும் ஒரு கொடைதான்: சிறுமியைத் தெய்வத்துக்குக் கொடுப்பது. சென்னை மாகாணத்தில் 1947ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடை செய்தது. 1989இல் தமிழக அரசு ஏழைப் பெண்களுக்கான திருமண நிதியுதவித் திட்டத்துக்கு அவர் பெயரை வைத்தது. முதலில் ரூ.5,000, 2011இல் ரூ.25,000, பட்டதாரி என்றால் ரூ.50,000, இரண்டோடும் தாலிக்கு 4 கிராம் தங்கம். பிறகு அது 8 கிராம் ஆயிற்று. தெய்வத்துக்குப் பெண்ணைக் கொடுக்கக் கூடாது என்று போராடியவரின் பெயரில், மாப்பிள்ளைக்குப் பெண்ணைக் கொடுக்க அரசு பொன் தந்தது. தந்தைக்கு முடியாத கன்னிகாதானத்தை அரசு தந்தையின் இடத்தில் நின்று செய்தது என்றே இதைப் படிக்க முடியும்.

அப்படி மட்டும் படித்தால் அது நியாயமாகாது. அந்தத் திட்டத்தின் உள்ளே ஒரு நிபந்தனை இருந்தது. மணப்பெண் தொடக்கத்தில் எட்டாம் வகுப்பும், பின்னாளில் பத்தாம் வகுப்பும் எட்டியிருக்க வேண்டும். கல்யாணப் பணத்தைக் காட்டிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வைத்த தந்திரம் அது. மகளைப் படிக்க வைக்க வேறு காரணம் தேடாத வீடுகளுக்கு அது ஒரு காரணம் கொடுத்தது. ஆனாலும் படிப்பு வழி, கல்யாணம் ஊர் என்ற வரிசை மாறவில்லை.

2022–23 நிதிநிலை அறிக்கையில் அரசு அந்த வரிசையைத் திருப்பிப் போட்டது. திருமண உதவி உயர்கல்வி உறுதித் திட்டமாயிற்று, ஒதுக்கப்பட்டது ரூ.698 கோடி. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண், பட்டமோ பட்டயமோ தொழிற்கல்வியோ முடிக்கும் வரை மாதம் ரூ.1,000 அவள் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில் சேரும். 2022 செப்டம்பர் 5 அன்று ‘புதுமைப் பெண்’ என்ற பெயரில் தொடங்கியது. அந்தப் பெயர் பாரதியிடமிருந்து வந்தது. இராமாமிர்தம் அம்மையாரின் பெயரும் அப்படியே தொடர்கிறது. இந்த முறை அது உரிய இடத்தில் இருக்கிறது.

ஆயிரம் ரூபாய் என்ன செய்யும் என்று கேட்பவர்கள் கல்லூரிச் செலவைக் கட்டணமாக மட்டும் நினைப்பவர்கள். அரசு கலைக் கல்லூரியில் கட்டணம் பெரிய சுமையாக இருப்பதில்லை. படிப்பை நிறுத்துவது சில்லறைச் செலவு. பருவத் தேர்வுக் கட்டணம் கட்டச் சொல்லி அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டப்படும்: இன்ன தேதி வரை அபராதமின்றி, அடுத்த தேதி வரை அபராதத்துடன். அதே வாரத்தில் வீட்டில் தம்பிக்குக் காய்ச்சல், அம்மாவுக்கு நூறுநாள் வேலைக் கூலி வரவில்லை என்றால் முதல் தேதி போய்விடும். அபராதத்தோடு கட்ட இன்னும் கூடுதலாக வேண்டும் என்பதால் இரண்டாவதும் போய்விடும். கட்டாவிட்டால் ஹால் டிக்கெட் இல்லை. ஐந்து தாளும் அரியர் ஆகும். அரியர் எழுத அடுத்த பருவத்தில் இரட்டிப்புக் கட்டணம் சேரும். வீட்டில் ஒருவர், படிப்பு வரவில்லை போலிருக்கிறது, வேலைக்குப் போகட்டும் என்பார். படிப்பு வராமல் நின்றவள் என்று ஊர் அவளை நினைவு வைத்துக்கொள்ளும். சில நூறு ரூபாய் சில நாள் முந்தி வந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. திருக்குறளின் செய்ந்நன்றியறிதல் அதிகாரம் உதவியை அதன் அளவால் எடை போடாமல், அது வந்த காலத்தால் எடை போடுவதன் பொருள் இந்த அறிவிப்புப் பலகையின் முன்னால் விளங்கும். மாதாமாதம் வரும் சிறு தொகை, ஆண்டிறுதியில் வரும் பெருந்தொகையைவிடச் சில சமயம் பெரியதாக இருப்பது இதனால்தான்.

பெருந்தொகையின் மறுபக்கத்தைக் கொங்குநாட்டு நூற்பாலைகள் காட்டின. சுமங்கலித் திட்டம், திருமகள் திருமணத் திட்டம் என்ற பெயர்களில் பதின்வயதுப் பெண்கள் மூன்றாண்டு ஒப்பந்தத்துக்கு ஆலை விடுதிகளில் சேர்க்கப்பட்டார்கள். மாதம் சிறு கூலி; மூன்றாண்டு முடிவில் கல்யாணச் செலவுக்கென்று மொத்தமாகப் பெரும்பாலும் ரூ.30,000 முதல் ரூ.50,000 வரை ஒரு தொகை. அந்தத் தொகை அவர்கள் கூலியிலிருந்தே பிடித்து வைக்கப்பட்டது. இடையில் உடம்பு முடியாமல் வீட்டுக்குப் போனவளுக்கு அது கிடைப்பது நிச்சயமில்லை. இளங்கலைப் பட்டமும் மூன்றாண்டுதான். மாதம் ஆயிரம் வீதம் 36 மாதத்துக்கு வருவது ரூ.36,000, ஆலை தருவதாகச் சொன்ன தொகையை ஒட்டிய தொகை. காலமும் ஒன்று, பணமும் ஏறக்குறைய ஒன்று. ஒன்றில் இறுதியில் கிடைப்பது தாலிப்பொன், மற்றதில் பட்டச் சான்றிதழ். ஒன்றில் பணம் கடைசி நாள் வரை பிறர் கையில் இருந்து அவளைக் கட்டி வைக்கிறது. மற்றதில் மாதம் பிறந்தால் அவள் கணக்குக்கு வந்துவிடுகிறது. பதினேழு வயதுப் பெண்ணின் வீட்டில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் இடையில்தான்.

சமணர்கள் தானத்தை நான்காக வகுத்தார்கள்: ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம். உதவித்தொகையைச் சாத்திர தானத்தில் சேர்க்கத் தோன்றும். அறிவைக் கொடுப்பது ஆசிரியரும் நூலும். இந்தப் பணம் செய்வது அபயத்தின் வேலை. அடுத்த மாதம் நின்றுவிடுமோ, அடுத்த பருவத்தில் பெயர் வெட்டப்படுமோ என்ற அச்சத்தை அது குறைக்கிறது. அச்சம் குறைந்த வீட்டில் பெண் பார்க்க வருபவர்களை இரண்டு வருடம் கழித்து வரச் சொல்லும் துணிவும் பிறக்கிறது.

இனி கேட்பதிலுள்ள கூச்சம். வள்ளுவர் இரத்தலுக்கு ஓர் அதிகாரமும், இரக்க அஞ்சுவதற்கு அடுத்த அதிகாரமும் வைத்தார். ஏழைக்கு உதவி வேண்டுமென்றால் அவர் ஏழை என்று நிறுவ வேண்டும். நிறுவுவதே ஒரு வகை இரத்தல். வருமானச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, கிராம நிர்வாக அலுவலரிடமும் வருவாய் ஆய்வாளரிடமும் நடந்து, தன் வீட்டின் இல்லாமையைப் பிறர் எழுதிக் கையொப்பமிட்ட தாளாக வாங்கி வர வேண்டும். வகுப்பில் எல்லார் முன்னிலையிலும் உதவித்தொகைப் பட்டியல் வாசிக்கப்படும் கல்லூரிகளும் உண்டு. 12ஆம் நூற்றாண்டு யூத அறிஞர் மைமோனிடிஸ் ஈகையை எட்டுப் படிகளாக வகுத்தபோது, கொடுப்பவர் யார் என்று பெறுபவரும், பெறுபவர் யார் என்று கொடுப்பவரும் அறியாத கொடையை இரண்டாம் உயர்படியில் வைத்தார். எல்லாவற்றுக்கும் மேலே அவர் வைத்தது, ஒருவர் இனிமேல் கேட்க வேண்டாத நிலைக்குத் தூக்கிவிடுவதை. வங்கிக் கணக்கில் நேரே விழும் பணம் இரண்டாம் படி. அது பட்டத்தில் முடிந்தால் முதற்படி.

புதுமைப் பெண் திட்டம் வருமான வரம்பு வைக்கவில்லை. எந்தப் பள்ளியில் படித்தாள் என்று மட்டும் கேட்கிறது. அரசுப் பள்ளியில் ஏழு ஆண்டு படித்தவள் பெரும்பாலும் வசதியற்ற வீட்டுப் பெண் என்பது ஊரறிந்த உண்மை. அதை அவள் தனியாக நிறுவ வேண்டியதில்லை. வறுமையைக் கேட்காமலே வறுமையைக் கண்டுபிடிக்கும் இந்த ஏற்பாடு அறநோக்கில் நுட்பமானது. அதற்கும் விலை உண்டு. கடன்பட்டுத் தெருமுனைத் தனியார் பள்ளியில் மகளைச் சேர்த்த கூலிக்காரரின் வீடு வெளியே நின்றது. அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 2024இல்தான் வாசல் திறந்தது. ஒன்பதாம் வகுப்பிலேயே பஞ்சாலைக்குப் போனவளுக்கு எந்த வாசலும் இல்லை.

கொடுப்பவர்கள் விரும்பிக் கேட்கும் மற்றொரு தகுதி மதிப்பெண். பாத்திரமறிந்து இடு என்பதன் கல்வித்துறை வடிவம் இது. அறக்கட்டளைகள் பல 80 விழுக்காடு, 90 விழுக்காடு என்று கோடு கிழிக்கின்றன. மாலையில் கடையில் நின்று இரவில் தம்பி தங்கைகளுக்குச் சமைத்து 62 விழுக்காடு வாங்கியவளின் முயற்சி, தனிப்பயிற்சியோடு 92 வாங்கியவளின் முயற்சியைவிடக் குறைந்ததென்று எந்த அறக்கணக்கும் சொல்லாது. ஆனாலும் கோடு கிழிப்பவருக்கு மதிப்பெண் தாளில் தெரிகிறது, சமையல் தெரிவதில்லை.

கொடைக்குப் பதிலாக என்ன தர வேண்டும் என்பதில் பண்டிதா ரமாபாயின் வாழ்க்கை பாடமாக நிற்கிறது. சமஸ்கிருதம் கற்ற இளம் விதவையான அவர் இங்கிலாந்து சென்றபோது வான்டேஜ் கன்னியர் மடம் அவரை ஆதரித்தது. அங்கே 1883இல் கிறிஸ்தவரானார். ஆதரித்தவர்கள் பணிவை எதிர்பார்த்தார்கள். ரமாபாயோ நன்றி வேறு, மனச்சாட்சியை ஒப்படைப்பது வேறு என்று கடிதம் மேல் கடிதமாக வாதிட்டார். பின்னர் பாஸ்டன் நகரில் அமைந்த ரமாபாய் சங்கம் பத்தாண்டு ஆதரவுக்கு உறுதியளிக்க, 1889இல் மும்பையில் விதவைகளுக்கான சாரதா சதன் தொடங்கினார். மத நடுநிலை என்ற வாக்குறுதியின் பேரில் ரானடே போன்ற சீர்திருத்தவாதிகள் ஆலோசகர்களாக இருந்தார்கள். பெண்கள் சிலர் ரமாபாயின் பிரார்த்தனையில் கலந்துகொள்வது வெளியே தெரிந்ததும் 1893இல் அவர்கள் விலகினார்கள், பெற்றோர் பலர் பெண்களை அழைத்துப் போனார்கள். கொடை பெற்றபோது மனச்சாட்சிச் சுதந்திரத்துக்காக வாதாடியவர், கொடை நடத்துபவரானபோது அதே கேள்வியை மறுபக்கமிருந்து எதிர்கொண்டார். சதனில் இருந்த பெண்களின் மனம் என்ன நினைத்தது என்பதை இரண்டு தரப்பும் பெரிதாகக் கேட்டதாகத் தெரியவில்லை.

கடனாக எண்ணப்பட்ட உதவித்தொகைக்கு அம்பேத்கரின் எடுத்துக்காட்டு உண்டு. பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் 1913இல் கொலம்பியா பல்கலைக்கழகப் படிப்புக்கு மூன்றாண்டு, மாதம் 11.50 பவுண்டு தந்தார். பதிலுக்குப் பத்தாண்டு சமஸ்தானத்தில் வேலை செய்ய வேண்டும். 1917இல் அவர் பரோடா வந்தார். தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பெயரை மறைத்துத் தங்கிய பார்சி விடுதியிலிருந்தும் விரட்டப்பட்டார். கடனை அடைக்க வந்தவரைச் சாதி ஊருக்குள் விடவில்லை. படித்துவிட்டு வேலைக்குப் போகாமல் இருக்கிறாளே, உதவித்தொகை வீணாகவில்லையா என்று பட்டதாரிப் பெண்ணைப் பார்த்து இன்று கேட்பவர்களுக்கும் இந்தக் கதை பொருந்தும். இரவுப் பணி முடிந்து வரப் பேருந்து இல்லாத ஊரில், குழந்தையைப் பார்க்க ஆளில்லாத வீட்டில், கடனை அடைக்கும் வழியை யார் மூடி வைத்தார்கள் என்பதும் கேட்கப்பட வேண்டும்.

தானம், கடன், உரிமை என்ற மூன்றில் உரிமையே இளைய சொல் என்பார்கள். அதன் வேர் பழையது. வள்ளுவர் ஈகைக்கு முன்பாக ஒப்புரவுக்குத் தனி அதிகாரம் வைத்து, கைம்மாறு எதிர்பாராத அந்தக் கடமைக்கு மழையை உவமை காட்டினார். இஸ்லாத்தின் ஜகாத் இன்னும் தெளிவானது: செல்வரின் பொருளில் இல்லாதவருக்குக் குறித்த பங்கு உண்டு, அதைக் கொடுப்பவர் தம்முடையதைக் கொடுக்கவில்லை, அவர்களுடையதைத் திருப்புகிறார். ஜகாத் பெறத் தக்கவர்களைத் திருக்குர்ஆன் எட்டு வகையாகச் சொல்கிறது. மார்க்கக் கல்வியில் ஈடுபட்டதால் பொருளீட்ட முடியாதவர் அதைப் பெறலாம் என்று ஷாஃபிஈ சட்ட மரபு ஏற்றது; பயனுள்ள உலகக் கல்விக்கும் அது பொருந்தும் என்று பிற்கால அறிஞர் பலர் விரித்தார்கள்.

இந்திய அரசமைப்பு இன்னும் பாதி வழியில் நிற்கிறது. 2002ஆம் ஆண்டுத் திருத்தம் கல்வியை அடிப்படை உரிமையாக்கியது, ஆனால் 6 முதல் 14 வயது வரைக்கும்தான். அதற்கு மேலே 41, 46 ஆகிய உறுப்புகள் வழிகாட்டும் நெறிகள். நீதிமன்றம் போய்க் கேட்க முடியாது. கல்லூரி மாணவியின் ஆயிரம் ரூபாய் ஓர் அரசாணையில் நிற்கிறது. அரசாணையை இன்னோர் அரசாணை மாற்றலாம்.

உரிமையாகவே ஆனாலும் ஒரே தொகை எல்லாரிடமும் ஒன்றே ஆவதில்லை. அமர்த்தியா சென்னின் வாதம் இதுதான்: ஒருவரிடம் என்ன இருக்கிறது என்பதைவிட, அதைக் கொண்டு அவரால் என்ன செய்ய, என்னவாக இருக்க முடிகிறது என்று பார்க்க வேண்டும். நகரத்தில், 2021 முதல் பெண்களுக்குக் கட்டணமில்லாத சாதாரணப் பேருந்து வாசலுக்கு வரும் இடத்தில், ஆயிரம் ரூபாய் புத்தகமாகவும் மதியச் சாப்பாடாகவும் ஆகும். சவ்வாது மலையில் கல்லூரிக்கு இறங்கி வர வழியில்லாத ஊரில் அது விடுதி இடமாக மாறினால்தான் பட்டமாகும். விடுதியில் இடம் இல்லையென்றால் அது வெறும் பணம்.

கடைசியாக, பணம் யாருடையது என்ற கேள்வி. பெண்ணின் சொந்த உடைமையான ஸ்திரீதனத்தை மனு ஸ்மிருதி ஆறு வகையாகச் சொல்கிறது. எல்லாமே திருமணத்தின்போதோ உறவினரிடமிருந்தோ வருபவை. மற்றொரு ஸ்மிருதி ஆசிரியரான காத்யாயனர் இன்னும் கறாராக எழுதினார்: பெண் தன் கைத்திறனால் ஈட்டியதும், உறவல்லாத பிறர் அன்பாகக் கொடுத்ததும் அவளுடையவை ஆகா, கணவனின் ஆளுகைக்கு உட்பட்டவை. உதவித்தொகை சரியாக அந்த இரண்டாம் வகை: பிறர் கொடுத்தது. அதை வைத்து வரப்போகும் சம்பளம் முதல் வகை. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு இதை அறுத்துவிட்டது. உறவினரோ அல்லாதவரோ, திருமணத்துக்கு முன்போ பின்போ கொடுத்ததும், தன் திறனால் ஈட்டியதும் அவளுக்கே முழு உடைமை என்கிறது.

சட்டம் சொன்னது பாஸ்புக்கில் அச்சாகிறது. ஏ.டி.எம். அட்டை பல வீடுகளில் அப்பாவின் சட்டைப்பையிலோ அண்ணனின் பர்சிலோ இருக்கிறது. கணக்கோடு இணைத்த கைபேசி எண் வீட்டு ஆணுடையது என்பதால், பணம் வந்த குறுஞ்செய்தி முதலில் அவனுக்குத்தான் போகிறது. கல்லூரியில் சேரும்போதே மாணவியின் சொந்த எண்ணைக் கணக்கோடு இணைக்கச் சொல்லி வற்புறுத்தும் பேராசிரியைகள் உண்டு. புது சிம் கார்டு வாங்கத்தான் முதல் மாதப் பணத்தில் கொஞ்சம் போகிறது.